குரங்கணி காட்டுத் தீ: சேதமும் காரணமும் சட்டமும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்து ஏலமலைகளின் நடுவே அமைந்த ஊர் சாந்தன்பாறை. அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் பூப்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி என்று ஏலமும் தேயிலையும் விளையும் மலையூர்கள் தொடர்கின்றன. சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் மட்டுமே ஏறக்கூடிய கரடுமுரடான பாதையில் மேலே போனால் கொழுக்குமலை வருகிறது. உலகிலேயே மிக உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று என்று இது பெயர் பெற்றுள்ளது. கொழுக்குமலை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், வண்டியில் செல்வோர் கேரளத்தின் வழியாகவே அதனை அடைய முடியும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து செல்வதற்கு இருப்பது, தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து செங்குத்தான சரிவில் ஏறும் ஒற்றையடிப் பாதைதான்.

அந்தச் சரிவில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டது. இந்தியாவில் காட்டுத் தீ புதிய செய்தியன்று. ஆண்டுதோறும் நாட்டின் ஏறத்தாழப் பாதி மாவட்டங்களில் எங்கேனும் காடு எரிகின்றது. ஆயினும் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை பேர் மாண்டது மிக அரிது. ஆகவே, இத்தீயினால் நேர்ந்த சேதம் யாது, அதன் காரணங்கள் எவை, பின்னர் சட்டம் என்ன செய்தது, என்ன செய்ய இயலவில்லை என்பனவற்றை ஆராய்வது, காட்டு நிருவாகத்தில் ஈடுபட்டோர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

எல்லை மலையின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு இங்கே இரு மாநிலங்களின் எல்லையாக அமைந்திருக்கிறது. அதுவே இருவகைத் தட்பவெப்ப நிலைகளின் எல்லையாகவும் இருக்கிறது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது; ஏலத்தோட்டங்களும் சோலைக்காடுகளும் பெரும்பகுதி ஈரம் மாறாமல் இருக்கின்றன. சாந்தன்பாறையை அடுத்த மதிகெட்டான் சோலை இத்தகைய காட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. இது 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிழக்குச் சரிவோ மழை மறைவுப் பகுதியில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பின்னர் அங்கே மூன்று மாதங்களுக்கு மேல் பெரிய மழை கிடையாது. மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்த புல், பிப்ரவரியில் பழுத்து, மார்ச்சில் வைக்கோல் போலக் காய்ந்து நிற்கிறது.

இம்மலையில் மக்கள் நடமாட்டமும் நீண்ட காலத்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறுப் பகுதியில் விளைந்த தேயிலை, குண்டலைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை வழியே டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேர்ந்தது. அந்த இரயில் பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்துவிட்டது. இன்றும் போடிநாயக்கனூர்ப் பகுதித் தொழிலாளர் நாள்தோறும் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புகின்றனர். விளைந்த ஏலக்காய் போடியிலும் புற்றடியிலும் ஏலத்திற்கு வருகிறது. முதுவர் முதலான பழங்குடியினரின் குடியிருப்புகளும் இச்சரிவுகளில் உண்டு. எனவே இக்காடு மனிதர் காலடி படாத காடு அன்று. கால்நடை, விறகு, தேன், புல் எனப் பல தேவைகளுக்காக மக்கள் நாளும் புழங்கும் காடு.

அண்மைக் காலத்தில் இவர்களோடு மற்றொரு கூட்டமும் சேர்ந்துள்ளது. சூரிய உதயம் காணவும் மலையேறவும் நகரங்களிலிருந்து வருவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. 2022இல் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது திரண்ட மக்கள் கூட்டம் இதற்குச் சான்று. காட்டுக்குப் பழகியவர்களுக்குத் தீக்காலம் எது என்பது தெரியும். நகரத்திலிருந்து வருபவருக்கு விடுமுறை நாள் எது என்பதே தெரியும். இவ்வேறுபாடு குரங்கணியில் பெரும் விலை கேட்டது.

2018 மார்ச் 11

மார்ச் 10, சனிக்கிழமையன்று இரண்டு குழுக்கள் குரங்கணியிலிருந்து மலையேறின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பான்மையோர் இளம் பெண்கள். மகளிர் தினத்தையொட்டி ஏற்பாடு செய்யப்பட்ட பயணம் அது. மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்தது. இரு குழுக்களிலும் சேர்த்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கொழுக்குமலையில் இரவு தங்கி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குரங்கணியை நோக்கி இறங்கத் தொடங்கினர்.

பிற்பகலில், ஒத்தமரம் என்று வழங்கும் பகுதியை ஒட்டிய சரிவில் அவர்கள் தீயினால் சூழப்பட்டனர். புகையில் வழி தெரியாமல் போயிற்று. பீதியில் குழு சிதறியது. ஓடியவர்களுள் பலர் பள்ளத்தில் சிக்கிக் கொண்டனர். குரங்கணி, கொட்டகுடிப் பகுதி மக்களும், வனத்துறையினரும், காவல்துறையினரும், தீயணைப்புப் படையினரும் இருட்டிய பின்னரும் மேலேறி, காயமுற்றோரைத் தோளிலும் போர்வைகளில் கட்டிய டோலிகளிலும் சுமந்து இறக்கினர். மாநில அரசின் வேண்டுகோளின் பேரில் விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் கருடா பிரிவு வீரர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். மலையிடுக்கில் இரவு நேரத்தில் ஹெலிகாப்டர்கள் செயற்பட இயலாதாகையால், வான்வழி மீட்பு மறுநாள் காலையிலேயே முழு அளவில் நடைபெற்றது.

தீப்பற்றிய இடத்திலேயே ஒன்பது பேர் இறந்தனர். ஏனையோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளிலும், சிலர் சென்னையிலும் சிகிச்சை பெற்றனர். உடற்பரப்பில் பாதிக்கு மேல் வெந்தவர்களைக் காப்பாற்றுவது சிறந்த மருத்துவ வசதிகள் உள்ள இடங்களிலும் கடினமே. அடுத்து வந்த வாரங்களில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் மாண்டனர். மொத்த உயிரிழப்பு 23 ஆயிற்று. புதிதாக மணம் புரிந்த தம்பதியரும், குடும்பத்தின் ஒரே வருவாய் ஈட்டுவோரும் இறந்தோருள் இருந்தனர்.

தீ அவ்வளவு விரைவாகப் பரவியதேன்?

எரிபொருள், காற்று, நிலத்தின் சாய்வு ஆகிய மூன்றும் காட்டுத் தீயின் போக்கை முடிவு செய்கின்றன. குரங்கணிச் சரிவில் மூன்றும் ஒருங்கே பாதகமாக இருந்தன.

முதலாவது எரிபொருள். மரக்கட்டை மெதுவாகப் பற்றி நெடுநேரம் எரிவது. காய்ந்த புல்லோ உடனே பற்றி, சில வினாடிகளில் எரிந்து முடிந்து, தீயை அடுத்த புதருக்குக் கடத்திவிடும். புல்வெளித் தீ ஓரிடத்தில் நின்று எரிவதில்லை, ஓடுகிறது. ஆகையால் அது சிறு தீ என்று எண்ணுவது பெருந்தவறு. உலகெங்கும் காட்டுத் தீயில் இறந்தவர்களுள் கணிசமானோர் அடர்காட்டுக்குள் இறந்தவர்கள் அல்லர். புல்லும் புதரும் மண்டிய திறந்த சரிவுகளில் இறந்தவர்களே. 1949இல் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பு வீரர்கள் மாண்டதும் இத்தகைய புற்சரிவில்தான். அவர்கள் பயிற்சி பெற்ற, உடல் வலிமை மிக்க இளைஞர்கள். ஆயினும் மேல் நோக்கி ஓடித் தீயை வெல்ல அவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை.

இரண்டாவது சாய்வு. சமதரையில் தீச்சுடர் நேர் மேலே எழுகிறது. சரிவில் அது மேற்புறத்துப் புல்லை நோக்கிச் சாய்கிறது; அந்தப் புல்லைத் தொடுவதற்கு முன்பே அதனைக் காயவைத்து, பற்றுவதற்கு ஆயத்தமாக்குகிறது. சாய்வு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர் கையாளும் கணக்கு. இதன்படி 30 பாகைச் சரிவில் தீ சமதரையைப் போல எட்டு மடங்கு வேகம் கொள்ளும். மனிதனின் வேகமோ மேல் நோக்கி ஏறுகையில் குறைந்து கொண்டே போகிறது.

மூன்றாவது காற்று. வெயில் ஏறிய நேரத்தில் மலைச்சரிவு சூடேறி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல் நோக்கி வீசத் தொடங்குகிறது. பிற்பகலில் இது உச்சத்தை அடைகிறது. மலையிடுக்குகளில் இக்காற்று புகைபோக்கியில் போல உறிஞ்சப்பட்டு விரைகிறது. ஆகவே, தீயைக் கண்டவுடன் பள்ளத்தில் இறங்கி ஒளிவதும், மேல் நோக்கி ஓடுவதும் இயல்பாகத் தோன்றும் செயல்களே எனினும், இரண்டும் ஆபத்தானவை. ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருநிலம், புல்லில்லாத பாறைப் பரப்பு, தீயின் பக்கவாட்டு ஆகியவையே பாதுகாப்பானவை. இதனை மலைவாழ் மக்கள் அனுபவத்தால் அறிவர். விடுமுறைக்கு மலையேறுவோருக்கு முன்கூட்டியே சொல்லித் தர வேண்டும்.

தீயை வைத்தது யார்?

இந்தியாவில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதரால் உண்டாவதே. மழைக்குப் பின் இளம்புல் தளிர்க்க வேண்டுமென்று மேய்ப்பவர் வைக்கும் தீ, விளைநிலத்தின் ஓரத்தைத் துப்புரவு செய்ய உழவர் வைக்கும் தீ, வேட்டையாடுவோர் வைக்கும் தீ, தேனெடுப்போரின் தீப்பந்தம், அணைக்காமல் எறிந்த பீடி, பொழுதுபோக்க வந்தவர் மூட்டிய குளிர்காய் நெருப்பு என இதன் வாயில்கள் பல. இவர்களுள் எவரும் காட்டை அழிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்வது அரிது. தனக்குக் கிடைக்கும் சிறு பயன் தன் கண்முன் இருக்கிறது. பிறருக்கு நேரும் பெருந்தீங்கு மலைக்கு அப்பால் இருக்கிறது. பொருளியலார் புறவிளைவு என்று குறிப்பிடும் நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

குரங்கணித் தீயின் தோற்றம் குறித்து விபத்து நடந்த நாட்களிலேயே வேறுபட்ட கருத்துகள் எழுந்தன. பயணத்தை ஏற்பாடு செய்தோர் தரப்பில், அடிவாரத்தில் புல்லை எரித்தவர்களின் தீயே மேலேறி வந்தது என்று கூறப்பட்டது. குழுவினர் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை செல்லவே அனுமதிச் சீட்டு பெற்றனர் என்றும், அனுமதியில்லாத கொழுக்குமலைப் பாதையில் சென்றனர் என்றும் அதிகாரிகள் தரப்பில் கூறப்பட்டது. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. முன்னது தீ எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு விடை; பின்னது தீ வந்த இடத்தில் மக்கள் ஏன் இருந்தனர் என்பதற்கு விடை. விபத்து நேர இரண்டும் வேண்டும்.

சட்டத்தின் நடவடிக்கை

விபத்துக்குப் பின்னர் மூன்று வகை நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. முதலாவது துயர் துடைப்பு. இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாயும், பலத்த காயமுற்றோருக்கு 1 லட்சம் ரூபாயும், இலேசான காயமுற்றோருக்கு 50,000 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. இரண்டாவது குற்றவியல் நடவடிக்கை. காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. வழிகாட்டி ஒருவர் கைது செய்யப்பட்டார். துறைநடவடிக்கையாக, அப்பகுதி வனச்சரகர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மூன்றாவது விசாரணை. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் முதன்மைச் செயலாளராக இருந்த அதுல்ய மிஸ்ரா விசாரணை அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அவர் சம்பவ இடத்தைப் பார்வையிட்டு, பாதிக்கப்பட்டோரையும் அதிகாரிகளையும் விசாரித்து, அதே ஆண்டில் முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தார்.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும் சட்டங்கள் எவை என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் நடைமுறையில் உள்ளது. முகட்டுக்கு மறுபுறம், கேரளத்தில், 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டம். நாட்டின் பல பிற மாநிலங்களில் 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம். ஆக, எல்லையில் ஒரே தீ ஒரு மணி நேரத்தில் ஒரு சட்டத்தின் ஆட்சியிலிருந்து மற்றொரு சட்டத்தின் ஆட்சிக்குள் சென்றுவிடக் கூடும். மூன்று சட்டங்களும் காப்புக்காட்டில் தீ வைப்பதையும், அனுமதியின்றி நுழைவதையும் குற்றமாக்குகின்றன. இந்திய வனச் சட்டத்தின் மூல வாசகப்படி தீ வைத்ததற்கான தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அத்துடன் காட்டுக்கு நேர்ந்த சேதத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் இழப்பீடு. மாநிலங்கள் சில இதனைத் திருத்திக் கடுமையாக்கியுள்ளன.

அச்சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. வேண்டுமென்றோ பெருங்கவனக் குறைவாலோ காப்புக்காட்டில் தீ மூட்டப்பட்டால், அக்காட்டில் மேய்ச்சல் உரிமையையும் வனப்பொருள் உரிமையையும் அரசு நிறுத்தி வைக்கலாம். ஒருவர் செய்த தவற்றுக்காக ஊரார் அனைவரும் உரிமை இழப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. தீ வைத்தவரைக் கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதை மட்டும் இவ்விதி காட்டுகிறது.

உயிரிழப்பு நேர்ந்தால் பொதுக் குற்றவியல் சட்டமும் செயற்படும். 2018இல் நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, கவனக் குறைவால் மரணம் விளைவித்ததற்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இத்தண்டனை பொதுவாக 5 ஆண்டு வரை உயர்த்தப்பட்டுள்ளது.

தண்டனை கூடினால் குற்றம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் தண்டனையின் அளவைவிட, பிடிபடுவோம் என்ற உறுதியே மக்களைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆராய்ச்சிகளின் முடிவு. காட்டுத் தீயில் இவ்வுறுதி மிகக் குறைவு. சாட்சிகள் இல்லை; தடயம் தீயிலேயே அழிகிறது; தீயின் தோற்றுவாயை அறிவியல் முறையில் கண்டறியும் பயிற்சி பெற்றோர் வனத்துறையிலும் காவல்துறையிலும் மிகச் சிலரே. இந்நிலையில் அனுமதிச் சீட்டு, பயணப் பதிவு, பணிப் பொறுப்பு என ஆவணமாக நிற்பனவற்றை நோக்கியே விசாரணை இயல்பாகச் செல்லும். அவையும் தேவையே. எனினும், மலையேறியவரையும், அவரை அழைத்துச் சென்றவரையும், காவல் காக்க வேண்டியவரையும் கேள்வி கேட்டுவிட்டு, தீ எந்தப் புல்லில், எந்தக் கையால் முதலில் பற்றியது என்ற கேள்வியை விட்டுவிட்டால், அடுத்த தீயைத் தடுப்பதற்கான அறிவு கிடைக்காமல் போய்விடும்.

பிற நாடுகளின் படிப்பினை

2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மூண்ட தீக்களில் 173 பேர் இறந்தனர். அங்கே அரச ஆணையம் அமைக்கப்பட்டு, 2010இல் 67 பரிந்துரைகள் வெளியிடப்பட்டன. கில்மோர் ஈஸ்ட் பகுதியில் 119 பேரைக் கொன்ற தீ, அறுந்து விழுந்த மின்கம்பியால் உண்டானது என்று கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்டோர் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2014இல் ஏறத்தாழ 50 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

2018 நவம்பர் 8 அன்று, அதாவது குரங்கணி விபத்து நடந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்னும் ஊரை அழித்த தீயில் 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மிகப் பழைய மின்தடத்தில் தேய்ந்து போன கொக்கி ஒன்று முறிந்ததே காரணம் என்று விசாரணையாளர் நிறுவினர். பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின் நிறுவனம் 2020இல் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இவ்விரு வழக்குகளிலும் இழப்பீடு பெரிதாக இருந்ததற்குக் காரணம், பொறுப்பாளி பொருள் வளம் மிக்க நிறுவனமாக இருந்தது என்பது உண்மையே. நம் நாட்டில் தீ வைப்பவர் பெரும்பாலும் ஏழைகள். அவர்களிடமிருந்து இழப்பீடு பெற ஒன்றுமில்லை. ஆனால் பின்பற்றத்தக்க பகுதி வேறு. தீயின் தோற்றுவாய் துல்லியமாகக் கண்டறியப்பட்டதனால், மின்தடப் பராமரிப்பு முறையே அங்கே மாறியது. காரணம் அறியப்பட்ட விபத்து நிருவாகத்தைத் திருத்துகிறது. காரணம் அறியப்படாத விபத்துக்குத் தடை உத்தரவே மிஞ்சுகிறது.

விபத்துக்குப் பின் வந்த விதிகள்

குரங்கணி நிகழ்ச்சியை அடுத்து மலையேற்றத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர், 2018ஆம் ஆண்டிலேயே, தமிழ்நாடு வன மற்றும் வன உயிரினப் பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன. பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்தப்பட்டன. முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்பட வேண்டும் என்ற கோட்பாடு இடம் பெற்றது. 2024 அக்டோபரில் 40 பாதைகளில் அரசின் மேற்பார்வையிலேயே மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் கருதி, இப்பாதைகள் மூடப்பட்டன.

வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருப்பதில் இரட்டைப் பயன் உண்டு. காற்றின் திசையையும் புகையின் மணத்தையும் அறிந்தவர் குழுவின் முன் நிற்கிறார். அத்துடன், காடு எரியாமல் இருப்பதால் வருவாய் பெறும் குடும்பங்கள் அடிவாரத்தில் உருவாகின்றன. புல்லுக்குத் தீ வைப்பதால் கிடைக்கும் சிறு பயனைவிடப் பெரிய பயன் ஒன்று ஊருக்குள் வந்து சேரும்போது, காவலர் இல்லாத இடத்திலும் காவல் உண்டாகிறது.

தேசிய அளவிலும் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. காட்டுத் தீத் தடுப்புக்கெனத் தனித் திட்டம் 2017இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. தேசியச் செயல் திட்டம் 2018இல் வெளியிடப்பட்டது. காட்டுத் தீயால் நாட்டுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 1,101 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக 2018இல் மத்திய அரசும் உலக வங்கியும் இணைந்து வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. இக்கணக்கில் அடங்காத இழப்புகளும் உண்டு. எரிந்த சரிவில் முதல் மழை மண்ணை அரித்துச் செல்கிறது. கொட்டகுடி ஆற்றில் சேரும் அம்மண் வைகைப் படுகைக்குப் போகிறது. புல் அடுத்த மழையில் மீண்டும் தளிர்த்துவிடும்; சோலையின் ஓரத்தில் முளைத்த மரக்கன்றுகளோ மடிந்து போகின்றன. ஆண்டுதோறும் எரியும் இடத்தில் புல்வெளி விரிந்து, சோலை சுருங்கும். அடுத்த ஆண்டு எரிவதற்குப் புல் மேலும் மிகுதியாக இருக்கும்.

முன்னறிவிப்பின் வரம்பு

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீப்பற்றிய இடங்களைக் கண்டறிந்து, 2004 முதல் மாநில வனத்துறைகளுக்குத் தெரிவித்து வருகிறது. நாட்டின் வனப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கும் மேல் அடிக்கடி தீப்பற்றும் வாய்ப்புடையது என்பதும் அதன் மதிப்பீடே. இப்பணி மிகப் பயனுள்ளது. ஆயினும் அதன் வரம்பை அறிந்திருத்தல் வேண்டும். இத்துணைக்கோள்கள் ஓரிடத்தின் மேல் ஒரு நாளில் சில முறைகளே கடக்கின்றன. படத்தை ஆய்ந்து செய்தி அனுப்பவும் நேரம் பிடிக்கிறது. நண்பகலில் பற்றி ஒரு மணி நேரத்தில் முகட்டை எட்டும் புல்வெளித் தீயை இச்செய்தி முந்துவதற்கில்லை. பல நாட்கள் எரியும் பெருந்தீக்கு இது உதவும். குரங்கணி போன்ற தீக்கு, அடிவாரத்தில் நிற்கும் ஓர் ஆளின் கண்ணும் கையிலுள்ள கம்பியில்லாக் கருவியும்தான் உதவும்.

அவ்வாறு நிற்பவர்களின் நிலை என்ன? 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் கொட்டம்பத்தூர் என்னும் இடத்தில், காட்டுத் தீயை அணைக்கச் சென்ற வனத்துறைக் காவல் பணியாளர் மூவர் தீயில் சிக்கி மாண்டனர். நம் மாநிலங்களில் தீத்தடுப்புக் காவலர் பலர் கோடை மாதங்களுக்கு மட்டும் நாட்கூலியில் அமர்த்தப்படுகிறவர்கள். பச்சைத் தழைக் கொத்தே பல இடங்களில் அவர்களது கருவி. காப்பு உடையும், காலணியும், காப்பீடும் ஒருசேரக் கிடைத்தவர் சிலரே.

செய்ய வேண்டுவன

இவ்வாறு நோக்குங்கால், செலவு எங்கே செய்யப்பட வேண்டும் என்பது தெளிவாகிறது. ஜனவரி முடிவதற்குள் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி முடிக்கப்பட வேண்டும்; மார்ச்சில் வெட்டிய கோடு கணக்கேட்டுக்கு மட்டுமே பயன்படும். பிப்ரவரி முதல் மே வரையிலேனும் காவலர்களுக்கு உரிய ஊதியமும், கருவியும், காப்பீடும் வேண்டும். எல்லையின் இருபுறத்து வனத்துறையினருக்கும் பொதுவான செய்தித் தொடர்பும், தீக்கால நாட்காட்டியும் வேண்டும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லி வழியாக வந்த ஒருவர் குரங்கணிப் பக்கம் இறங்கத் தொடங்கினால், அது மறுபுறத்தில் உள்ளவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். ஒவ்வொரு பெரிய தீயின் தோற்றுவாயையும் ஆய்ந்து எழுதி வைக்கும் பழக்கம், யாரைத் தண்டிப்பது என்ற நோக்கத்துக்கு அப்பாற்பட்டு, வேரூன்ற வேண்டும்.

மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் இவற்றுள் எதுவும் நிலைக்காது. 1990ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை கூட்டு வன மேலாண்மைக்கு வழி வகுத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்கும் அளித்துள்ளது. மேய்ச்சலுக்குப் புல் வேண்டுவோரின் தேவையைக் கேட்டறிந்து, ஈரம் உள்ள காலத்திலேயே, அதிகாரிகளின் மேற்பார்வையில், தக்க இடங்களில் புல்லை அறுத்தோ கட்டுப்பாட்டுடன் எரித்தோ கொடுக்கலாம். தேவையை மறுத்துவிட்டுத் தீயை மட்டும் தடுக்க முயன்றால், அத்தீ இரவில் வைக்கப்படும்.

2018 மார்ச் 11 அன்று இரவு, இருட்டில் மலையேறி முகம் அறியாதவர்களைச் சுமந்து வந்தவர்கள் குரங்கணிப் பகுதி மக்கள். எந்தச் சரிவில் புல் காய்ந்திருக்கிறது, எந்தப் பாறையில் தஞ்சம் புகலாம், எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு விபத்துக்குப் பின்னர் உடல்களை இறக்க மட்டும் பயன்பட்டது. அதனை விபத்துக்கு முன்னரே பயன்படுத்திக் கொள்வதற்கான ஏற்பாட்டைச் செய்வது, சட்டத்தைக் கடுமையாக்குவதைவிடச் செலவு குறைந்தது. அதைவிடப் பயன் மிக்கதும்கூட.